விதைக்கும் ஒரு நூலகம்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்

நூலகத்தில் ஒரு நூலை எடுத்தால் அந்த ஒரு நூலையே திருப்பித் தருகிறோம். விதையைக் கடன் வாங்கினாலோ ஒன்றுக்குப் பலவாகத் திருப்பித் தரலாம். இந்த எளிய கணக்கின்மேல் எழுந்ததுதான் விதை நூலகம். அமெரிக்காவில், கலிபோர்னியாவின் ரிச்மண்ட் நகரப் பொது நூலகத்தில் 2010ஆம் ஆண்டு இத்தகைய நூலகம் ஒன்று தோன்றியது. வாசகர் விதையைப் பெற்றுச் சென்று பயிரிடுகிறார். விளைந்ததில் ஒரு பகுதியைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கிறார்.

இம்முறை நமக்குப் புதிதன்று. திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் உழவர்க்கு 2 கிலோ பாரம்பரிய நெல்விதை வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டு அவர்கள் 4 கிலோவாகத் திருப்பித் தந்தனர். 2018இல் மறைந்த அவர் மீட்ட நெல் வகைகள் 170க்கும் மேற்பட்டவை.

எந்த விதையைச் சேமிக்கலாம்? கடையில் வாங்கும் வீரிய ஒட்டு விதை முதல் தலைமுறையில் ஒரே சீராக விளையும். அதன் விதையை மீண்டும் விதைத்தால் பண்புகள் பிரிந்துவிடும். மெண்டல் பட்டாணிச் செடியில் கண்டு 1866இல் வெளியிட்ட உண்மை இதுவே. ஆகவே சேமிப்புக்கு ஏற்றது நாட்டு விதையே. தக்காளி, தட்டைப்பயறு போன்றவை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதால் இனம் கெடுவது அரிது. பூசணி, சுரை, பாகல் ஆகியவற்றில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. தேனீ எங்கிருந்து மகரந்தம் கொணரும் என்று சொல்ல இயலாது. எனவே இரு வகை அரும்புகளையும் மலருமுன் துணியால் மூடி, மலர்ந்ததும் கையால் மகரந்தம் சேர்த்து, பெண் பூவை மீண்டும் மூடிவிட வேண்டும்.

விதைக்கு விடும் காய் நல்ல செடியின் நல்ல காயாக இருத்தல் வேண்டும். கத்தரி மஞ்சளாகும் வரையிலும், வெண்டை செடியிலேயே காயும் வரையிலும், சுரை ஓடு கெட்டிப்படும் வரையிலும் பொறுக்க வேண்டும். கறிக்கு ஆகும் பிஞ்சு விதைக்கு ஆகாது!

விதையின் பகைவர் இருவர்: ஈரமும் வெப்பமும். விதையின் ஈரப்பதம் 1 விழுக்காடு குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரு மடங்காகும். சேமிக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் அவ்வாறே. இது ஹாரிங்டன் என்னும் அறிஞர் வகுத்த விதி. என் தாயார் பள்ளி சென்றவரல்லர். ஆயினும் பயற்றில் அடுப்புச் சாம்பலைக் கலந்தே பானையில் இடுவார். சாம்பல் வண்டின் உடல்மேலுள்ள மெழுகுப் படலத்தைச் சிதைத்து, அதன் நீரை வற்றச் செய்கிறது என்பதை நான் இங்கு வந்து படித்தேன். காரணத்தை நான் அறிந்தேன்; காரியத்தை அவர் முன்பே அறிந்திருந்தார். ஆனால் எல்லா விதைக்கும் உலர்த்தல் பொருந்தாது. மாவும் பலாவும் உலர்ந்தால் உயிரிழக்கும். அவற்றை உடனே ஊன்ற வேண்டும்.

எவ்வளவு காத்தாலும் விதை ஒரு நாள் சாகும். நூலைப் பூட்டி வைத்தாலும் எழுத்து நிற்கும். விதையோ முளைத்துப் பெருகினால்தான் நிற்கும். ஓர் ஊரில் ஒரு பாட்டியிடம் மட்டும் உள்ள அவரை வகை, அவர் காலத்துக்குப் பின் இரண்டு மூன்று பட்டங்கள் விதைக்கப்படாவிட்டால் அழிந்தே போகும். அதைப் பின்னர் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. 1941 முதல் 1944 வரை லெனின்கிராடு முற்றுகையிடப்பட்டபோது, அங்கிருந்த விதைக் களஞ்சியத்தின் அறிஞர் சிலர், நெல்லும் பயறும் அருகிலிருக்க, அவற்றை உண்ணாமல் பசியால் மாண்டனர். விதையின் மதிப்பை இதற்குமேல் யார் உணர்த்த முடியும்?

நம் கல்லூரி நூலகத்தில் வெயில் படாத ஒரு மூலையும், ஓர் அலமாரியும், இறுக மூடும் சில புட்டிகளும் போதும். ஒவ்வொரு புட்டியிலும் வகையின் பெயர், ஊர், கொடுத்தவர், ஆண்டு ஆகியவற்றை எழுத வேண்டும். ஆனியில் வழங்கினால் ஆடிப்பட்டத்துக்கு உதவும். தை, மாசி வெயிலில் உலர்த்தித் திரும்பப் பெறலாம். வழங்குமுன் 20 விதைகளை ஈரத்துணியில் முளைக்கவைத்து எண்ணிப் பார்ப்பதைத் தாவரவியல் மாணவர் ஏற்கலாம். உழவர் தம் விதையைச் சேமிக்கவும் பரிமாறவும் 2001ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை அளித்துள்ளது.

நம்மில் பலர் சிற்றூர்களிலிருந்து வருகிறோம். அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும் ஒவ்வொருவரும் ஒரு பிடி நாட்டு விதையுடன் திரும்பினால், அலமாரி ஓராண்டில் நிறையும். ஆசிரியப் பெருமக்கள் இடம் தருவார்களாக. நாம் விதை கொணர்வோம்.