6 பேரைத் தேடி டெல்லி போலீஸ்!

தூங்க விடாத ஒரு தொடர்

நள்ளிரவு. டிசம்பர் மாதக் குளிர். டெல்லி நகரமே போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறது.

போலீஸ் துணைக் கமிஷனர் வீட்டில் டெலிபோன் மணி அடிக்கிறது. தூக்கம் கலைந்து ஒரு பெண் எடுத்துப் பேசுகிறார். அவர்தான் துணைக் கமிஷனர்!

"ரோட்டோரத்தில் ஒரு பெண்ணும் ஒரு வாலிபரும் குற்றுயிராகக் கிடந்தார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம்." இதுதான் வந்த செய்தி.

உடனே புறப்படுகிறார். அதன்பிறகு அவருக்கும் அவரிடம் வேலை பார்ப்பவர்களுக்கும் வீடும் இல்லை, தூக்கமும் இல்லை.

இப்படித் தொடங்குகிறது "டெல்லி கிரைம்" என்ற இந்தித் தொடர். 2019-ம் ஆண்டு மார்ச் 22-ந் தேதி நெட்பிளிக்சில் வெளிவந்தது. முதல் பாகத்தில் 7 பகுதிகள். எழுதி டைரக்ட் செய்தவர் ரிச்சி மேத்தா. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த கனடாக்காரர்.

இது கற்பனையில் பிறந்த கதை இல்லை. நாட்டையே குலுக்கிய உண்மைச் சம்பவம்.

நடந்தது என்ன?

2012-ம் ஆண்டு டிசம்பர் 16-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை இரவு. 23 வயது மாணவி ஒருவர் நண்பருடன் சினிமா பார்த்துவிட்டு வீடு திரும்பினார். முனிர்க்கா என்ற இடத்தில் ஒரு தனியார் பஸ் வந்து நின்றது. இருவரும் ஏறினார்கள். பஸ்சில் இருந்தவர்கள் 6 பேர்.

பஸ் ஓடிக்கொண்டே இருந்தது. உள்ளே அந்த மாணவியை 6 பேரும் நாசம் செய்தார்கள். நண்பரை இரும்புக் கம்பியால் அடித்தார்கள். பிறகு இருவரையும் ரோட்டில் தூக்கி எறிந்துவிட்டுப் போனார்கள்.

13 நாட்கள் உயிருக்குப் போராடிய அந்தப் பெண், டிசம்பர் 29-ந் தேதி சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் இறந்தார். அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. இப்படிப்பட்ட கொடுமைக்கு ஆளானவர்களின் பெயரை வெளியிடுவதைச் சட்டம் தடுக்கிறது. தொடரிலும் எல்லோருடைய பெயர்களையும் மாற்றி இருக்கிறார்கள்.

வெள்ளை பஸ்

பெண் துணைக் கமிஷனரின் பெயர், தொடரில் வர்த்திகா சதுர்வேதி. ஷெபாலி ஷா நடித்திருக்கிறார்.

அவர் கையில் என்ன இருக்கிறது? ஒரு வெள்ளை பஸ். அவ்வளவுதான். டெல்லியில் வெள்ளை பஸ்களுக்கா பஞ்சம்? வைக்கோல் போரில் ஊசியைத் தேடுகிற வேலை!

உண்மை வழக்கில் போலீசார் எப்படித் துப்புத் துலக்கினார்கள் தெரியுமா? அந்த வழியில் இருந்த ஒரு ஓட்டலின் வாசலில் கண்காணிப்பு கேமரா இருந்தது. அதில் பதிவான படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு வெள்ளை பஸ் அந்த வழியாகப் போகிறது. சற்று நேரத்தில் அதே பஸ் மறுபடியும் வருகிறது! அதன்மேல் "யாதவ்" என்று எழுதி இருந்தது. முன்பக்கத்து இடது சக்கரத்தில் மூடி இல்லை.

ஒரு பெயர், ஒரு சக்கர மூடி. இதைப் பிடித்துக்கொண்டே போய் பஸ்சையும் அதை ஓட்டியவனையும் மறுநாளே பிடித்தார்கள். மற்றவர்கள் திசைக்கு ஒருவராக ஓடிவிட்டார்கள். ஒருவன் ராஜஸ்தானில் சிக்கினான். இன்னொருவன் பீகாரில் உள்ள சொந்த ஊரில் பிடிபட்டான். 21-ந் தேதிக்குள் 6 பேரும் கைதானார்கள்.

முடிவு நமக்குத் தெரியும். ஆனாலும் தொடரைப் பார்க்கும்போது நெஞ்சு படபடக்கிறது. "பிடிபடுவார்களா, மாட்டார்களா?" என்று நகத்தைக் கடிக்கிறோம். தெரிந்த கதையில் இப்படித் திகிலை உண்டாக்குவது லேசான காரியமா?

சினிமா போலீஸ் அல்ல

இங்கே போலீஸ்காரர் பறந்து பறந்து அடிக்கவில்லை. போலீஸ் நிலையத்தில் திடீரென்று மின்சாரம் போய்விடுகிறது. ஆள் பற்றாக்குறை. மேலிடத்தில் இருந்து டெலிபோனுக்கு மேல் டெலிபோன். வெளியே ஆயிரக்கணக்கில் கூடிய ஜனங்களின் கோபக் குரல். இதற்கு நடுவே, டீயைக் குடித்துக் குடித்துத் தூக்கத்தை விரட்டிக்கொண்டு வேலை செய்கிறார்கள்.

பூபேந்திர சிங் என்ற அதிகாரியைச் சொல்ல வேண்டும். ராஜேஷ் தைலங் நடித்திருக்கிறார். ஒரு பக்கம் குற்றவாளியைத் தேடுகிறார். மறுபக்கம், சொந்த மகளுக்கு மாப்பிள்ளை தேடுகிறார்! நம் பக்கத்து வீட்டுக்காரரைப் போல இருக்கிறார் மனிதர்.

நீத்தி சிங், பயிற்சிக்கு வந்த இளம் பெண் அதிகாரி. ரசிகா துகல் நடித்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் வேலை அவருக்கு. பெற்றவர்கள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் அவர் தவிக்கும் தவிப்பு, பார்ப்பவர் கண்ணைக் கலங்க வைக்கும்.

தாயும் மகளும்

எல்லாவற்றையும் விட என்னைக் கட்டிப்போட்டது வர்த்திகாவின் வீட்டில் நடப்பதுதான்.

அவருக்கு வளர்ந்த ஒரு மகள். "இந்த ஊரில் பெண்ணாக இருக்க முடியாது. நான் கனடாவுக்குப் படிக்கப் போகிறேன்" என்கிறாள் அவள். தாய்க்கு மகளை அனுப்ப மனம் இல்லை. "இந்த ஊர் அப்படி ஒன்றும் மோசம் இல்லை" என்று மகளை நம்பவைக்கப் பார்க்கிறார்.

அந்த நேரத்தில்தான் இந்தக் கொடுமை நடக்கிறது. "ஊர் பத்திரமானது" என்று எந்த முகத்தோடு இனி மகளிடம் சொல்வார்? குற்றவாளிகளைப் பிடித்தால் மட்டும் அந்தப் பேச்சு உண்மையாகிவிடுமா? ஷெபாலி ஷா இதை வசனமாகக் கொட்டித் தீர்க்கவில்லை. கண்ணிலேயே காட்டிவிடுகிறார். பெண்ணைப் பெற்றவர்கள் இந்தக் காட்சிகளை எளிதில் மறக்க மாட்டார்கள்.

இன்னொரு பெரிய விஷயம்: பஸ்சுக்குள் நடந்த கொடுமையை டைரக்டர் படமாக்கிக் காட்டவே இல்லை. டாக்டர் சொல்லக் கேட்கிறோம். பிடிபட்டவன் துளியும் வெட்கம் இல்லாமல் சொல்லும்போது கேட்கிறோம். அதுவே உடம்பை நடுங்க வைக்கிறது. காசுக்காகக் கண்டதையும் காட்டும் படக்காரர்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்!

2020-ம் ஆண்டு, சிறந்த தொடருக்கான சர்வதேச எம்மி விருது இதற்குக் கிடைத்தது. டெலிவிஷன் உலகின் பெரிய பரிசு அது. அந்தப் பிரிவில் அதைப் பெற்ற முதல் இந்தியத் தொடர் இதுதான்.

ஒரு குறை

போலீசாரின் கண் வழியாகவே முழுக் கதையும் போகிறது. தெருவில் இறங்கிக் கண்ணீர்ப் புகையையும் தண்ணீர்ப் பீரங்கியையும் தாங்கிய மாணவர்களின் நியாயம் போதிய அளவு வரவில்லை. பத்திரிகைக்காரர்கள் என்றால் தொல்லை கொடுப்பவர்கள் என்பது போலக் காட்டுகிறார்கள்.

பயணிகளை ஏற்றும் அனுமதி அந்த பஸ்சுக்குக் கிடையாது. அதே இரவில், சற்று முன்னதாக, ஒரு தச்சுத் தொழிலாளியை ஏற்றி அவரிடம் கொள்ளையும் அடித்திருந்தது அந்தக் கும்பல். அப்படிப்பட்ட பஸ், தலைநகரில் சுற்றிக்கொண்டே இருந்தது எப்படி? போலீசாரை மட்டும் புகழ்ந்துவிட்டு இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது.

பிறகு நடந்தது

வழக்கு விரைவு கோர்ட்டில் நடந்தது. 6 பேரில் ஒருவன் 2013 மார்ச் மாதம் திகார் சிறையில் இறந்து கிடந்தான். ஒருவனுக்கு 18 வயது நிரம்பவில்லை. அவனுக்கு 3 ஆண்டு, சீர்திருத்த இல்லம். மற்ற 4 பேரும் 2020-ம் ஆண்டு மார்ச் 20-ந் தேதி அதிகாலையில் தூக்கில் போடப்பட்டார்கள்.

2013-ல் சட்டமும் கடுமையாக்கப்பட்டது. பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது தனிக் குற்றம் ஆயிற்று. இப்படிப்பட்ட புகாரைப் பதிவு செய்ய மறுக்கும் போலீஸ்காரருக்கே தண்டனை உண்டு. குடும்பத்தில் எல்லோரும் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

வீட்டில் பார்க்கலாமா?

பெரியவர்கள் தாராளமாகப் பார்க்கலாம். குழந்தைகளுக்கு வேண்டாம். கல்லூரிக்குப் போகும் மகனும் மகளும் இருந்தால், கூட உட்கார வைத்துப் பாருங்கள். மகனை முக்கியமாக!

இரண்டாம் பாகம் 2022 ஆகஸ்டில் வந்தது. வயதானவர்களைக் குறிவைத்துக் கொல்லும் கும்பலைப் பற்றியது. மூன்றாம் பாகம் 2025 நவம்பரில் வந்தது. பெண்களைக் கடத்தி விற்கும் கூட்டத்தைத் துரத்துகிறார் வர்த்திகா. என்னுடைய ஓட்டு முதல் பாகத்துக்குத்தான்.

ஆனால் இரவு 10 மணிக்கு மேல் தொடங்காதீர்கள். ஒரு பகுதி முடிந்ததும், அடுத்ததைப் போடக் கை தானாகப் போகும். மறுநாள் ஆபீசுக்குப் போக வேண்டாமா?