97 எம்பியும் மாமியின் அடுக்களையும்

பாறசாலை மாமி வீட்டுச் சமையல் மேடை காலியாகக் கிடந்து நான் பார்த்ததில்லை. உப்பு மரவை, புளிச் சட்டி, திருவிய தேங்காய், பாதி நறுக்கிய மரச்சீனி. ஒதுங்க வைக்கட்டுமா என்றால், "வேண்டாம் மக்களே, பொறவு நான்லா மறுக்கா போயி எடுக்கணும்" என்பாள்.

அவள் மருமகள் களியக்காவிளைக்காரி. கல்யாணமாகி வரும்போது தமிழக அரசின் இலவச லேப்டாப்பும் கூட வந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டம் அது. அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. இப்போது, பிள்ளை படிக்கும் கேரளப் பள்ளிக்காக, உபுண்டு வழிவந்த கைட் லினக்ஸ். எல்லை தாண்டியும் உள்ளே லினக்ஸ்தான்.

போன மாதம், செத்துப்போன வேறொரு லேப்டாப்பின் 2 ஜிபி ராமை இதன் காலி இடத்தில் செருகினோம். இரண்டும் டிடிஆர்3 ஆனதால் பொருந்தியது. டிடிஆர்2 என்றால் வெட்டு வேறிடத்தில் இருக்கும், உள்ளேயே போகாது. மொத்தம் 4 ஜிபி. மறுநாள் அவள் 'ஃப்ரீ' கட்டளை கொடுத்துப் பார்த்தால் 97 எம்பிதான் காலி. "போட்டதெல்லாம் எங்க போச்சு அண்ணா?"

மாமியின் மேடைக்குத்தான் போனது. ராம் மேடை, ஹார்ட் டிஸ்க் பத்தாயம். மேடையிலிருந்து எடுக்க ஒரு விநாடி என்று வைத்தால், சுழலும் டிஸ்கிலிருந்து எடுக்க ஏறக்குறைய ஒரு லட்சம் விநாடி: பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்துக்கு நடந்தே போய், இரவு தங்கித் திரும்புகிற நேரம். அதனால் ஒருமுறை கொண்டுவந்த கோப்பின் நகலை லினக்ஸ் உடனே தூக்கி எறிவதில்லை. இடம் சும்மாதானே கிடக்கிறது, இருக்கட்டும் என்று விட்டுவைக்கும். பெரிய உருளி, அதாவது இடம் கேட்கும் செயலி, வந்தால் அந்த நகலை நொடியில் ஒதுக்கும். அசல்தான் பத்தாயத்தில் பத்திரமாக இருக்கிறதே. ஆகவே பார்க்க வேண்டியது 'ஃப்ரீ' அல்ல, 'அவெய்லபிள்' என்ற கட்டம். அதில் 2,600 எம்பி இருந்தது. நினைவகத்தைத் துடைத்துத் தருகிறேன் என்று வரும் செயலிகள், நறுக்கிய காயைக் குப்பையில் கொட்டிவிட்டு மேடை பளபளக்கிறது பார் என்பவை.

உருளிகளே மேடையை நிறைத்துவிட்டால்தான் சங்கடம். உலாவியில் முப்பது பக்கம் திறந்தால் லினக்ஸ் சாமான்களைப் பத்தாயத்துக்கும் மேடைக்கும் மாறி மாறிச் சுமக்கத் தொடங்கும். டிஸ்க் விளக்கு விடாமல் துடிக்கும். அதற்கு ஸீராம் உண்டு. பாத்திரத்துக்குள் பாத்திரமாக அடுக்குவது போல, உடனே தேவைப்படாததை மேடையிலேயே சுருக்கி வைக்கும். பெரும்பாலும் இரண்டு மூன்று மடங்கு சுருங்கும். அடுக்கவும் பிரிக்கவும் பிராசஸர் கொஞ்சம் உழைக்க வேண்டும், ஆனாலும் சாலைக் கம்போளம் போவதற்கு அது எவ்வளவோ மேல். 2014 மார்ச்சில் வந்த லினக்ஸ் 3.14-இல்தான் ஸீராம் சோதனைப் பகுதியைத் தாண்டி முழு உறுப்பினரானது.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். மேடையில் புதிதாக அரைத்த மசாலாவுக்குப் பத்தாயத்தில் அசல் கிடையாது. பென்டிரைவில் நகல் முடிந்தது என்று திரை சொன்ன பிறகும் கடைசிக் கொஞ்சம் ராமிலேயே நிற்கலாம். எஜெக்ட் கொடுக்காமல் பிடுங்கிக்கொண்டு போய், ஃபோட்டோக் கடையில் பாதிக் கல்யாண ஆல்பத்தைத் திறந்து காட்டியவன் நான்.