நாண்டியில் அறை கிடைக்கும் வரை

பசிபிக் கடலின் வரைபடத்தை விரித்துக்கொள்வோம். வலது ஓரத்தில் அமெரிக்கா, இடது ஓரத்தில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. நடுவில் பெரும்பாலும் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரில் 300-க்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்ட நாடு ஃபிஜி. லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து அங்கே வர ஏறக்குறைய 11 மணி நேரம். அங்கிருந்து சிட்னிக்கு 4 மணி நேரம். நாட்டின் பெரிய விமான நிலையம், விட்டி லெவு என்ற பெரிய தீவின் மேற்குக் கரையில் நாண்டி என்ற ஊரில் இருக்கிறது. கடலைத் தாண்டுகிறவர்களில் பலர் அங்கே விமானம் மாறுகிறார்கள். சிலர், ‘இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவோமே’ என்று இறங்கிவிடுகிறார்கள். இதைத்தான் ஸ்டாப்ஓவர் என்கிறார்கள். நம் பேச்சுக்கு இடைத்தங்கல் என்று வைத்துக்கொள்வோம்.

இப்படி இறங்குகிறவர்களில் தனியாக வருகிறவர்கள் நிறைய. ஆஸ்திரேலியாவில் ஒரு வருடம் பழம் பறித்துவிட்டு ஊர் திரும்பும் ஐரோப்பியப் பையன் இருப்பான். மகளின் பிரசவத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் அம்மா இருப்பார். வேலையை விட்டுவிட்டு உலகம் பார்க்கக் கிளம்பியவர் இருப்பார். இவர்களில் இரண்டு பேர் எப்படி சிநேகமாகிறார்கள் என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். டீ ஆறிவிடப் போகிறது, குடித்துக்கொண்டே கேளுங்கள்.

முதலில், எல்லோருக்கும் இருக்கிற ஒரு தப்பெண்ணத்தை எடுத்துவிடுவோம். தனியாக வந்தவர் தனிமை வேண்டித்தான் வந்திருக்கிறார் என்று நாம் நினைக்கிறோம். விடுதிக் கூடத்தின் மூலையில் ஒருவர் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தால், ‘பாவம், நிம்மதியாக இருக்கட்டும்’ என்று விலகிப் போகிறோம். நாம் பார்த்தது தனியாக உட்கார்ந்திருக்கும் ஒருவரை, அவ்வளவுதான். மீதி நம் ஊகம். கூட வர ஆள் கிடைக்காததால் தனியாக வந்தவர்கள் உண்டு. விடுமுறை ஒத்துவராமல் வந்தவர்கள் உண்டு. புத்தகத்தில் அரைமணி நேரமாக ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் நிக்கலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் இதைச் சோதித்துப் பார்த்து 2014-இல் எழுதினார்கள். தினமும் ரயிலில் வேலைக்குப் போகிறவர்களை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் பக்கத்தில் இருக்கும் முன்பின் தெரியாதவரிடம் பேச வேண்டும். இன்னொரு பிரிவினர் பேசாமல் தனியே இருக்க வேண்டும். மூன்றாவது பிரிவினர் வழக்கப்படி போகலாம். எது இனிமையான பயணமாக இருக்கும் என்று வேறு சிலரைக் கேட்டபோது, பேசாமல் போவதுதான் என்றார்கள். உண்மையில் நல்ல பயணம் அமைந்தது பேசியவர்களுக்கு. ஆய்வாளர்கள் கண்ட காரணம் இது: நமக்குப் பேச விருப்பம்தான், ஆனால் எதிரில் இருப்பவருக்கு விருப்பமில்லை என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். அவரும் நம்மைப் பற்றி அதே முடிவோடு ஜன்னலைப் பார்க்கிறார். ‘எதுவரைக்கும் போறீங்க’ என்று கேட்டுவிட்டே நம்மூர் ரயிலில் பெட்டியை வைக்கிற நாம்கூட, விமானத்தில் ஏறியதும் காதில் ஒயரைச் செருகிக்கொள்கிறோம்!

பேசிவிட்டாலும் தொல்லை முழுதாகத் தீர்வதில்லை. ‘ரொம்ப வளவளத்துவிட்டோமோ, நம்மைப் பிடிக்கவில்லையோ’ என்ற குடைச்சல் வருகிறது. எரிக்கா பூத்பியும் உடன் ஆய்வு செய்தவர்களும் 2018-இல் இதற்கு ‘லைக்கிங் கேப்’ என்று பெயர் வைத்தார்கள். புதிதாகச் சந்தித்துப் பேசிய இருவரைத் தனித்தனியே கேட்டால், அவருக்கு என்னைப் பிடித்திருக்கும் என்று ஒவ்வொருவரும் போடும் கணக்கு, நிஜத்தில் பிடித்திருப்பதைவிடக் குறைவாகவே இருக்கிறது. விருந்து வைத்த வீட்டுக்காரி ராத்திரியெல்லாம் ரசத்தில் உப்பு குறைந்ததையே நினைத்துக்கொண்டிருப்பாள். சாப்பிட்டுப் போனவர்களோ வடையைப் பற்றிப் பேசிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். இந்த இடைவெளி அந்த மாதிரிதான். ஆகவே பேச்சு சுமாராகப் போனது என்று தோன்றினால், சுமாருக்கு மேலாகவே போயிருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, பேச்சை எங்கே தொடங்குவது? இங்கே ஃபிஜியின் பூகோளமே ஒத்தாசைக்கு வருகிறது. லாஸ் ஏஞ்சலிஸில் திங்கள் இரவு விமானம் ஏறினால், நாண்டியில் இறங்கும்போது புதன் விடியற்காலை. நடுவில் தேதிக்கோட்டைத் தாண்டிவிட்டதால் செவ்வாய்க்கிழமை காணாமல் போயிருக்கும். விடுதியில் அறையோ மதியத்துக்கு மேல்தான் கிடைக்கும். அதனால் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள வைலோவாலோவா கடற்கரை விடுதிகளின் கூடத்தில் காலை ஆறு மணிக்கே நாலைந்து பேர், கசங்கிய சட்டையும் சிவந்த கண்ணுமாக, பையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ‘அறை எப்போது கிடைக்கும் என்று சொன்னார்களா?’ என்று கேட்டால் போதும். இந்தக் கேள்வியில் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. ஆனால் இருவருக்கும் தேவையான விடை அதில் இருக்கிறது. பையை இங்கே வைத்துவிட்டுப் போகலாமா, டவுனுக்கு பஸ் உண்டா என்று அடுத்த கேள்வி தானே வரும். அந்த இடத்தில் பேச்சுத் திறமையைவிட, சேர்ந்து செய்ய ஒரு வேலை இருப்பதுதான் முக்கியம்.

நமக்கென்று அங்கே கைவசம் ஒரு வேலை இருக்கிறது. நாண்டி கடைவீதியின் தெற்குக் கோடியில் ஸ்ரீ சிவ சுப்பிரமணிய சுவாமி கோயில். கரும்புத் தோட்டங்களுக்காக 1879 முதல் 1916 வரை ஃபிஜிக்குக் கொண்டுபோகப்பட்ட இந்தியர்கள் 60,000-க்கும் மேல். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. அந்த வழியில் வந்தவர்களின் முருகன் இவர். வண்ணம் தீட்டிய கோபுரத்தைப் பார்த்ததும் ஊர் ஞாபகம் வந்துவிடும். கூட வந்த டச்சுக்காரரோ கனடாக்காரரோ அரைக்கால் சட்டையோடு நின்றால், சுற்றிக்கொள்ள அங்கேயே துணி தருவார்கள். அவருக்கு அதை இடுப்பில் கட்டக் காட்டிக்கொடுப்பதும், மயில் யாருடையது என்று சொல்வதும் நம் பொறுப்பு. ஒரு மணி நேரத்துக்கு முன் இருவரும் வழி தெரியாத விருந்தாளிகள். இப்போது ஒருவர் வீட்டுக்காரர். மதியம் அவருக்குத் தெரிந்த ஒன்றில், நீந்துவதிலோ மீன் பார்ப்பதிலோ, அவர் வீட்டுக்காரர் ஆகட்டும்.

சாயங்காலம் ஃபிஜிக்காரர்களின் முறை. அவர்கள் யங்கோனா என்றும் மற்றவர்கள் காவா என்றும் சொல்கிற பானம் இல்லாமல் அங்கே கூட்டம் கூடாது. மிளகும் வெற்றிலையும் சேர்ந்த அதே பேரினத்துச் செடியின் வேர் அது. காயவைத்து இடித்த பொடியைத் துணியில் கட்டி, தனோவா என்ற மரத்தொட்டியில் தண்ணீர் விட்டுப் பிசைந்து பிழிகிறார்கள். கலங்கலாக, மண்வாசனையோடு இருக்கும். மது இல்லை, நாக்கு மரத்துப்போகும், உடம்பு தளரும். எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார, தேங்காய்ச் சிரட்டை ஒருவர் ஒருவராகச் சுற்றி வரும். நம் முறை வந்ததும் ஒருதரம் கைதட்டி, ‘புலா’ என்று சொல்லி, ஒரே மூச்சில் குடித்து, சிரட்டையைத் திருப்பிக் கொடுத்து, மூன்று தரம் தட்ட வேண்டும். நிறைய வேண்டாம் என்றால் ‘லோ டைட்’, அதாவது கடல் வற்றம், என்று சொல்லலாம். ஊற்றுகிறவர் சிரித்துக்கொண்டே பாதி ஊற்றுவார்.

இந்த வட்டத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் இருக்கிறது, ஒரு முறை இருக்கிறது. இரண்டு சுற்றுக்கு நடுவே யாரும் பேசாமல் இருந்தாலும் குறையாகத் தெரியாது. பேச ஒன்றும் இல்லையே என்கிற தவிப்புதான் அந்நியர்கள் இருவரைச் சீக்கிரம் எழுந்துபோக வைக்கிறது. இங்கே அந்தத் தவிப்புக்கே வேலை இல்லை. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இதைவிடத் தோதான ஏற்பாட்டை நான் அறியேன். கல்லீரல் தொந்தரவு உள்ளவர்கள் மட்டும் சிரட்டையைத் தொடாமல் வட்டத்தில் உட்காரட்டும்.

இனி, எவ்வளவு சொல்வது என்ற கேள்வி. மறுநாள் பிரிந்துவிடப் போகிறோம் என்பதால் வீட்டில் சொல்லாததைக்கூட இங்கே சொல்லத் தோன்றும். சமூகவியலாளர் கியோர்க் ஸிம்மல் 1908-லேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். ஆனால் இதற்கு ஓர் அளவு உண்டு. 1970-களில் ஸிக் ரூபின் என்ற உளவியலாளர் பாஸ்டன் விமான நிலையத்தில் காத்திருந்தவர்களிடம் ஆட்களை அனுப்பிப் பார்த்தார். அனுப்பப்பட்டவர் தன்னைப் பற்றி ஓரளவு மனம்விட்டு எழுதிக் காட்டினால், எதிரில் இருப்பவரும் அதே அளவுக்கு எழுதினார். அவருக்கென்றே எழுதியதாகக் காட்டி, அந்தரங்கத்தை அளவுக்கு மீறிக் கொட்டினால், அவர் சுதாரித்துக்கொண்டார். ஆகவே அவர் ஒரு படி இறங்கினால் நாமும் ஒரு படி. சம்பளமும் கல்யாணமும் முதல் நாளே வேண்டாம்.

அளவு என்பது பாதுகாப்புக்கும் பொருந்தும். அறை எண், பாஸ்போர்ட், பணம் இருக்கும் இடம் ஆகியவை பேச்சில் வரக் கூடாது. டாக்சிக் கூலியை ஏறும்முன்பே பாதிப் பாதி என்று பேசிவிட வேண்டும். தனியாக வந்த பெண்கள், வெளியே போவதைப் பகலிலும் நாலு பேர் இருக்கும் இடத்திலும் வைத்துக்கொண்டு, விடுதி வரவேற்பில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்புவது நல்லது. மனசு ஒப்பவில்லை என்றால் தூக்கம் வருகிறது என்று எழுந்து வந்துவிடலாம். நீண்ட விமானப் பயணத்தில் வந்தவர் சொன்னால் யாரும் நம்புவார்கள்.

இரண்டு நாளில் இது எவ்வளவு தூரம் போகும்? கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் போட்ட கணக்கில், அறிமுகம் சாதாரண சிநேகமாக ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து பழக வேண்டும்; நெருங்கிய நட்புக்கு 200 மணிக்கு மேல். நாண்டியில் இரண்டு பகலும் ஒன்றாகச் சுற்றினால் 25 மணி நேரம் தேறும். பாதிக் கிணறுதான். மீதியைக் கடிதத்திலோ அடுத்த பயணத்திலோ தாண்ட வேண்டும் என்று இருவருக்கும் தோன்றினால், மின்னஞ்சலை முந்தின இரவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் டாக்சி வாசலில் நின்று ஹாரன் அடிக்கும்போது யாருக்கும் பேனா கிடைப்பதில்லை.