மரத்தின் அசைவும் மிம்பரின் அமைப்பும்

மதீனாப் பள்ளிவாசலில் நபி (ஸல்) அவர்கள் தொடக்கத்தில் பேரீச்ச மரத் தண்டொன்றில் சாய்ந்தவாறு குத்பா நிகழ்த்தி வந்தார்கள். பின்னர் படிகளுடன் கூடிய மர மிம்பர் செய்து வைக்கப்பட்டபோது, பிரிவைத் தாங்காமல் அத்தண்டு அழுததாக ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. அது ஒரு முஃஜிஸா. அதற்குப் பௌதிக விளக்கம் தேடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும், வெட்டுண்ட மரத்தை முற்றிலும் அசைவற்ற சடப்பொருளாகக் கருதும் நம் வழக்கம் சரிதானா என்ற வினாவை அந்நிகழ்ச்சி நம்முள் எழுப்பாமல் இல்லை.

தச்சுத் தொழிலாளர் அவ்வாறு கருதியதே இல்லை. வெட்டி, அறுத்து, உலர்த்தி, இழைத்து, மெருகேற்றிய பின்னரும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி விரிகிறது. காற்று வறளும்போது ஈரத்தை விட்டுச் சுருங்குகிறது. நூறாண்டு கடந்த கதவும் இவ்விதிக்கு விலக்கன்று. இதற்குக் காரணம் மர இழைகளின் சுவர்களிலேயே உள்ளது. பச்சை மரத்தில் இழைகளின் உட்குழிவிலும் நீர் உண்டு. அவற்றின் சுவர்களிலும் நீர் உண்டு. மரம் உலரும்போது முதலில் வெளியேறுவது உட்குழிவின் நீரே. அதனால் எடை குறையுமேயன்றி அளவு குறைவதில்லை. ஈரம், உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியதும் சுவர்களிலுள்ள நீர் வெளியேறத் தொடங்குகிறது. சுருக்கமும் அப்போதுதான் தொடங்குகிறது.

இதனை அளந்தறியும் முறை எளியது. சிறு மரத்துண்டு ஒன்றை எடைபோட்டு, அதன் நீள அகலங்களைக் குறித்துக்கொண்டு, சுமார் 103 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள அடுப்பில் எடை மேலும் குறையாத நிலை வரும் வரை உலர்த்துவர். இழந்த எடையை உலர்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் ஈரத்தின் விழுக்காடு கிட்டும். வெவ்வேறு ஈரப்பதங்களில் மரத்தின் அளவை அறிய, மூடிய பெட்டிகளில் உப்புகளின் செறிவுற்ற கரைசல்களை வைப்பர். சாதாரண சமையல் உப்பின் கரைசல் பெட்டியினுள் காற்றின் ஈரப்பதத்தை ஏறத்தாழ 75 விழுக்காட்டிலும், மக்னீசியம் குளோரைடின் கரைசல் ஏறத்தாழ 33 விழுக்காட்டிலும் நிறுத்தி வைக்கும். எடை மாறாத நிலையை எட்டும் வரை துண்டைப் பெட்டியில் வைத்திருந்து, பின்னர் நுண்ணளவுமானியால் அளந்தால் விரிவும் சுருக்கமும் மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கு வரை தெரியவரும்.

இவ்வாறு அளந்தபோது தெளிவான உண்மை, மரம் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவில் அசைவதில்லை என்பதாகும். பச்சை நிலையிலிருந்து முழுமையாக உலரும் வரை, தேக்கு மரம் ஆண்டு வளையங்களின் போக்கில் சுமார் 5.8 விழுக்காடு சுருங்குகிறது. மையத்திலிருந்து பட்டை நோக்கிய திசையில் இச்சுருக்கம் 2.5 விழுக்காடு மட்டுமே. இழை ஓடும் நீளவாக்கிலோ பொதுவாக மரங்கள் 0.1 முதல் 0.2 விழுக்காடே சுருங்குகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு இதனை விளக்கும். 2 மீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட தேக்குப் பலகை, 75 விழுக்காடு ஈரப்பதத்திலிருந்து 33 விழுக்காட்டுக்கு வந்தால், அகலத்தில் 4 மில்லிமீட்டர் வரை குறையக்கூடும். அதைவிடப் பன்மடங்கு நீண்ட அதன் நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் கூடக் குறையாது. வெப்பத்தின் பங்கு இன்னும் சிறியது. ஈரம் மாறாமல் வெப்பம் மட்டும் 20 பாகை உயர்ந்தால், அதே பலகையின் அகலம் 0.2 மில்லிமீட்டர் அளவே விரியும். கோடையில் மரம் சுருங்குவதற்குக் காரணம், வெப்பம் அதன் ஈரத்தை வெளியேற்றுவதே.

இனி, பைத்துல் முகத்தஸின் அக்ஸா பள்ளிவாசலுக்கென ஹலப் நகரில் உருவான மிம்பரை நோக்குவோம். நூருத்தீன் ஸங்கி அதனை ஹிஜ்ரி 564இல் (கி.பி. 1168–69) செய்யப் பணித்தார். அப்போது அந்நகரம் சிலுவைப் போராளர் வசம் இருந்தது. நூருத்தீன் 1174இல் காலமானார். 1187இல் நகரை மீட்ட சலாஹுத்தீன் அம்மிம்பரைக் கொணர்ந்து அக்ஸாவில் நிறுவினார். மழைக்காலக் குளிரும் கோடையின் வறட்சியும் மாறி மாறி வரும் அந்நகரில், எண்ணூறு ஆண்டுகள் அது நிலைத்தது. 1969 ஆகஸ்ட் 21 அன்று வைக்கப்பட்ட தீயே அதனை அழித்தது.

அதன் பக்கங்களை அகன்ற பலகைகளை ஒட்டி அமைத்திருந்தால் என்னவாகியிருக்கும்? மேற்கண்ட தேக்கின் கணக்கையே கொண்டால், 2 மீட்டர் அகலப் பரப்பு ஒரே பருவ மாற்றத்தில் 3 சென்டிமீட்டர் அளவுக்கு அசைய முற்படும். ஆணிகள் அதனைத் தடுக்கும்போது மரம் இழைவாக்கில் பிளக்கும். ஹலபின் தச்சர்கள் அப்பரப்பைப் பல்லாயிரம் சிறு துண்டுகளாகப் பகுத்தனர். விண்மீன் வடிவங்களும் பலகோணங்களும் குறுகிய சட்டங்களின் விளிம்பிலுள்ள பள்ளங்களில் பொருந்தி நிற்கின்றன. ஆணியும் இல்லை, பசையும் இல்லை. 5 சென்டிமீட்டர் அகலமுள்ள துண்டு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே அசையும். அவ்வசைவைப் பள்ளம் தன்னுள் ஏற்றுக்கொள்ளும். சட்டங்களின் இழையோட்டம் நீளவாக்கில் அமைந்திருப்பதால் முழுக் கட்டமைப்பு பெரிதும் மாறுவதில்லை.

இவ்விணைப்பு முறைக்கு அரபு மொழியில் ‘தஃஷீக்’ என்று பெயர். ‘இஷ்க்’ என்னும் சொல்லின் வேர் எழுத்துகளே இதற்கும் அடிப்படை என்பது சிந்திக்கத்தக்கது. ஒன்றையொன்று பற்றி நிற்கும் துண்டுகள் ஒன்றையொன்று நெரிப்பதில்லை. அழகுக்காக மட்டும் வரையப்பட்டதாக நாம் எண்ணும் வடிவியல் கோலம், மரத்தின் இயல்புக்கு அளித்த இடமும் ஆகும். எரிந்த மிம்பருக்கு ஈடாக ஜோர்தானின் ஸல்த் நகரில் புதியதைச் செய்தவர்கள், எஞ்சிய துண்டுகளையும் பழைய புகைப்படங்களையும் ஆராய்ந்து, பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளை அதே முறையில் இணைத்தனர். அது 2007இல் அக்ஸாவில் நிறுவப்பட்டது.

இவ்வறிவு நம் பள்ளிவாசல்களின் பழைய மிம்பர்களுக்கும் கதவுகளுக்கும் பொருந்துவதாகும். கோடையில் பலகைகளுக்கிடையே தோன்றும் இடைவெளியைப் பழுதெனக் கருதி, மக்கு வைத்து அடைத்து, ஆணியறைந்து, கெட்டியாக வண்ணம் பூசுவோர் உண்டு. மழைக்காலத்தில் விரிய இடமின்றி மரம் நெரிபடும். அடுத்த கோடையில் முன்னிலும் பெரிய விரிசல் தோன்றும். வண்ணப்பூச்சு ஈரத்தின் வரவைத் தாமதப்படுத்துமேயன்றித் தடுக்காது. ஜும்ஆவன்று சில மணி நேரம் மட்டும் இயங்கி நிற்கும் குளிர்சாதனமும் மரத்தின் மேற்பரப்பை விரைவில் உலர்த்திப் பின் மீண்டும் ஈரமாக்குகிறது. உட்பகுதி அவ்விரைவுக்கு ஈடுகொடுப்பதில்லை. ஆகவே, செப்பனிடும் முன்னர் ஒரு கோடையிலும் ஒரு மழைக்காலத்திலும் அவ்விடைவெளிகளை அளந்து எழுதி வைப்பது நிர்வாகிகளின் கடமையாகும். மழைக்காலத்தில் மூடிக்கொள்ளும் இடைவெளி பழுதன்று.

ஒவ்வொன்றும் ஓர் அளவின்படியே படைக்கப்பட்டிருப்பதாகத் திருமறை நமக்குக் கற்பிக்கிறது. அவ்வளவை அறிந்து பணிந்தவர்களின் கைவேலை எண்ணூறு ஆண்டுகள் நின்றது. அளக்காமல் அறையும் ஓர் ஆணிக்கு மழையும் கோடையுமாகச் சில பருவங்களே போதும். முன்னோர் விட்டுச்சென்ற ஒரு மிம்பர் நம் கண்ணெதிரிலேயே பிளந்துவிடும்.