உஷார்! கழுவிய காரை வெயிலில் காயவிடாதீர்கள்

காரைக் கழுவிவிட்டு, 'வெயில்ல தானா காஞ்சிடும்' என்று விட்டுவிடுகிறீர்களா? இன்றோடு நிறுத்துங்கள். போர் தண்ணீரில் கழுவுகிறவர்களும் கறுப்புக் கார் வைத்திருப்பவர்களும் கூடுதல் உஷாராக இருக்க வேண்டும்.

வெயிலில் காய்ந்து போவது தண்ணீர் மட்டும்தான். அதில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் பெயின்ட் மேலேயே தங்கிவிடும். துளி வற்ற வற்ற, உப்பு அதன் ஓரத்தில் ஒதுங்கி வெள்ளை வளையமாகப் படியும். பாத்ரூம் குழாயில் ஏறும் அதே உப்புக்கறைதான் இது. உடனே கவனித்தால் போய்விடும். சூடான பானெட்டில் நாள்கணக்கில் கிடந்தால், பெயின்டுக்கு மேலிருக்கும் கிளியர் கோட்டையே அரித்துவிடும். அப்புறம் பாலிஷ் போட்டுத் தேய்ப்பதுதான் வழி. அந்தப் பூச்சின் கனமோ பெரும்பாலும் 50 மைக்ரானை ஒட்டித்தான். ஒவ்வொரு பாலிஷும் அதில் கொஞ்சத்தைத் தின்றுவிடும்.

இன்னொரு ஆபத்து, நல்ல எண்ணத்தில் செய்வது. ஆர்ஓ மெஷினின் கழிவுநீரை வீணாக்கக் கூடாது என்று பிடித்துவைத்துக் கார் கழுவுகிறார்கள். மெஷின் பிரித்துத் தள்ளிய உப்பு முழுவதும் அந்த வாளியில்தான் இருக்கிறது! அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். காருக்குக் கடைசியாக ஊற்ற, ஏசி குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடியுங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து வடிவதால் அதில் உப்பு இல்லை என்றே சொல்லலாம். தூசி இருக்கும், துணியில் வடிகட்டிக்கொண்டால் போதும்.

வெயில் ஏறும் முன்பே கழுவுங்கள். பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், சுட்டால் ஆறட்டும். கடைசி அலசலுக்குப் பீய்ச்சி அடிக்க வேண்டாம். கூரையிலிருந்து மெதுவாக வழியவிட்டால் தண்ணீர் துளித்துளியாக நிற்காமல் ஒன்றாக இறங்கிவிடும். உடனே சுத்தமான மைக்ரோஃபைபர் துணியை விரித்துப் போட்டு, அழுத்தாமல் இழுங்கள். பழைய பனியன் வேண்டவே வேண்டாம். அதில் ஒட்டியிருக்கும் மண் கீறிவிடும். சைடு மிரர், கதவுக் கைப்பிடி, பெட்ரோல் மூடி இடுக்குகளில் ஒளிந்திருக்கும் தண்ணீர் அரை மணி கழித்து வழிந்து கோடு போடும். கடைசியாக அங்கே ஒருமுறை ஒற்றிவிடுங்கள்.

ஏற்கெனவே புள்ளி விழுந்துவிட்டதா? வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, பெயின்ட் சூடில்லாதபோது துணியால் ஒற்றி, ஒரு நிமிடத்தில் அலசித் துடையுங்கள். பாத்திரம் தேய்க்கும் ஸ்க்ரப்பரைத் தொடாதீர்கள்!

காலையில் வந்து கார் துடைத்துக் கொடுக்கும் தம்பியிடமும் இதைச் சொல்லுங்கள். அவர் கையில் நல்ல துணி இரண்டு வாங்கிக் கொடுங்கள்.