பெரிய டிஷ்ஷைத் திருப்ப எந்த மோட்டார்?

எடையைப் பார்த்து மோட்டார் வாங்குகிறோம், சோதிப்பதோ காற்று. ஏன்? டிஷ்ஷின் விட்டம் இரட்டித்தால் பரப்பு 4 மடங்கு. திருகுவிசை 8 மடங்கு. காற்றின் வேகம் இரட்டித்தால் விசை இன்னும் 4 மடங்கு.

நாகர்கோவிலில் 83 பாகை கிழக்குத் தீர்க்கரேகையிலுள்ள ஜிசாட்-30 செயற்கைக்கோள் சுமார் 78 பாகை உயரத்தில் தெரியும். அதை நோக்கும்போது டிஷ் ஏறக்குறைய வானம் பார்த்துக் கிடக்கும். காற்று விளிம்போடு போய்விடும். மேற்கே தாழ்ந்த செயற்கைக்கோளுக்குத் திருப்பினால்தான் வினை: ஆரல்வாய்மொழிக் கணவாயில் பாயும் ஆடிக்காற்று முழு முகத்தில் அறையும். மோட்டாரை அந்த நிலைக்குக் கணக்கிடுங்கள்.

8 அடி டிஷ்ஷுக்கு 36 வோல்ட் டிசி ஆக்சுவேட்டர் ஏற்றது. உள்ளே மோட்டார் பல்சக்கரம் வழியாகத் திருகுதண்டைச் சுழற்றும். தண்டு மெல்ல நீளும். கார் ஜாக்கிபோல, மின்சாரம் நின்றாலும் நின்ற இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். சி-பேண்ட் அலைவரிசையில் இந்த டிஷ்ஷின் பார்வை சுமார் 2 பாகைதான்; ஒரு பாகை பிசகினால் சிக்னல் ஏறத்தாழ பாதியாகும். ஆகவே வேகம் வேண்டாம். சுற்றுகளை எண்ணும் காந்த உணரி வேண்டும்.

கடலோரத்தில் உப்புக்காற்று திருகுதண்டை அரிக்கும். ரப்பர் உறை போட்டு, மழைக்கு முன் கிரீஸ் வையுங்கள்.