பதிவு நிலைக்க வேண்டும். சாவி ஊர் கையில் இருக்க வேண்டும்

திங்கள்கிழமை குறைதீர் நாள் கூட்டத்துக்காகத் தேனி ஆட்சியர் அலுவலகத்துக்கு வரும் மனுக்களில் சேரி மக்களின் மனுக்களும் உண்டு. சுடுகாட்டுப் பாதை, வீட்டுமனைப் பட்டா, குடிநீர்க் குழாய் என்று கோரிக்கைகள் நீளும். மனுவோடு நிற்கும் படம் அன்றே வாட்ஸ்அப்பில் ஓடும். போன் மாறினால் படம் போய்விடும். குழு கலைந்தால் பேச்சும் போய்விடும். ஐந்து ஆண்டு கழித்து, "எப்போது கொடுத்தீர்கள், என்ன பதில் வந்தது?" என்று அதிகாரி கேட்டால் எடுத்துக்காட்ட ஒன்றும் இருக்காது.

பதிவு தொலைவது நமக்குப் பழைய நோய். அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி, 1914-ல் மறையும் வரை எழுதினார். அந்த எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுத்து நூலாக வெளியிட்டது 1999-ல். இடையில் எண்பத்தைந்து ஆண்டுகள். அம்பேத்கர் 1920 ஜனவரி 31-ல் தொடங்கிய 'மூக்நாயக்' இதழும், அவர் லண்டனுக்குப் படிக்கச் சென்ற பின் தாக்குப்பிடிக்காமல் 1923-ல் நின்றது. தொடங்க ஒருவர் போதும். தொடர்ந்து நடத்தப் பலர் வேண்டும்.

மாறான உதாரணமும் உண்டு. 1997-ல் தொடங்கிய 'தலித் முரசு' இதழின் கட்டுரைகள், 2005-ல் தொடங்கப்பட்ட கீற்று இணையதளத்தில் ஏற்றப்பட்டன. அச்சுப் பிரதி கிடைக்காத ஊரிலும் அவற்றைத் தேடிப் படிக்க முடிந்தது. கீற்று, ஜூம்லா என்ற இலவச மென்பொருளில் அமைந்த தளம். 2003-ல் வந்த வேர்ட்பிரஸ்ஸும் இதே வகைதான். உலக இணையதளங்களில் பத்தில் நான்குக்கு மேல் வேர்ட்பிரஸ்ஸில் இயங்குகின்றன.

இவற்றை உள்ளடக்க மேலாண்மை மென்பொருள் என்பார்கள். எழுத்தும் படமும் ஒரு தரவுத்தளத்தில் இருக்கும். பக்கத்தின் தோற்றம் தனியாக இருக்கும். தலைப்பை அடித்து, செய்தியை எழுதி, படத்தைச் சேர்த்து, வெளியிடும் பொத்தானை அழுத்தினால் போதும். கணினிப் படிப்பு தேவையில்லை. தமிழை மட்டும் யூனிகோடில் அடிக்க வேண்டும். தமிழக அரசே 2010-ல் ஏற்ற முறை அது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும் துண்டறிக்கைகளை மாற்றி ஏற்றாவிட்டால், கூகுளில் தேடுபவருக்கு அவை அகப்படாது.

மென்பொருள் இலவசம் என்றாலும் தளத்தின் பெயருக்கும், அதை வைத்திருக்கும் சர்வர் இடத்துக்கும் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். பெரும்பாலான சிறு தளங்கள் சாவது இங்கேதான். ஆர்வமுள்ள ஓர் இளைஞர் தன் மின்னஞ்சலில், தன் போன் எண்ணில் பெயரைப் பதிவு செய்கிறார். பிறகு வேலைக்குத் திருப்பூரோ சென்னையோ போகிறார். எண் மாறுகிறது, கடவுச்சொல் மறக்கிறது, புதுப்பிக்கும் தேதி கடந்துவிடுகிறது. கைவிட்ட பெயரை வேறு யாரோ வாங்கி, ஊர்ச் சங்கத்தின் பெயரில் சூதாட்ட விளம்பரம் போடலாம்.

அதனால் பெயரும் மின்னஞ்சலும் சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். கடவுச்சொல்லை மூவராவது அறிந்திருக்க வேண்டும். அவர்களில் ஒரு பெண் கட்டாயம். நிர்வாகிகள் மாறும்போது, கணக்கு நோட்டோடு கடவுச்சொல்லும் கைமாற வேண்டும். மென்பொருளை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். ஜூம்லாவின் மூன்றாம் வரிசைக்கு 2023 ஆகஸ்டோடு ஆதரவு முடிந்தது; அதன் பிறகும் அதிலேயே நிற்கும் தளம், தாழ்ப்பாள் பழுதான வீடு. தளத்தின் முழு நகலை மாதம் ஒருமுறை பென்டிரைவிலும் எடுத்து வைக்க வேண்டும்.

எதை ஏற்றுவது என்பதில்தான் தளத்தின் பயன் இருக்கிறது. மாலை போட்ட படங்கள் மட்டும் போதாது. மனு கொடுத்த தேதி, தகவல் உரிமைச் சட்டத்தில் வந்த பதில், கிராமசபைத் தீர்மானம் ஆகியவை வரிசையாக ஏற வேண்டும். வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி, ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். எந்தத் தேதிகளில் கூடியது, என்ன முடிவெடுத்தது என்று கேட்டு வாங்கிப் போட்டாலே அது பெரிய ஆவணம்.

எல்லாவற்றையும் ஏற்றிவிடவும் கூடாது. பாலியல் வன்முறைக்கு உள்ளானவரை அடையாளம் காட்டும் எந்தத் தகவலும் வெளியாகக் கூடாது. அது சட்டப்படி குற்றம். பாதிக்கப்பட்டவரின் போன் எண், ஆதார், வீட்டு விலாசம் ஆகியவற்றை மறைத்தே மனுவை ஏற்ற வேண்டும். ஆதாரம் என்று நினைத்து நாம் ஏற்றும் காகிதமே அவரை மிரட்டுகிறவனுக்கு வழிகாட்டிவிடக் கூடாது.

படிக்கப்போவது யார் என்பதும் நினைவில் இருக்கட்டும். விடியும் முன்பே ஜீப்பில் கம்பம்மெட்டு, போடிமெட்டு ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்கள், மலைப்பாதையில் விட்டுவிட்டு வரும் சிக்னலில், சிறிய திரையில் படிப்பார்கள். பெரிய படமும் ஆடும் எழுத்தும் அவர்களுக்குத் திறக்காது. பக்கம் எளிமையாக, எழுத்து பெரியதாக இருந்தால் போதும்.

புதுப்பிக்கும் தேதி மறக்காமல் இருக்க ஒரு வழி உண்டு. ஒவ்வோர் ஏப்ரல் 14 அன்றும் மாலை வாங்கும் செலவோடு தளத்தின் பெயருக்கும் பணம் கட்டி, முழு நகலையும் எடுத்துச் சங்கப் பெட்டியில் வைத்துவிடலாம். அயோத்திதாசருக்கு நேர்ந்த எண்பத்தைந்து ஆண்டு இடைவெளி, நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் நேர வேண்டியதில்லை.